பிடரியில் ஒரு குழி

"பொம்மைக்கு எதுக்குங்க்கா மூத்திரம்?" என்று நனைந்த துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே கேட்டாள் மிதுனா.

"புள்ளைக்கு எதுக்கோ அதுக்குத்தான்," என்றாள் பர்வீன், தலையைக்கூடத் தூக்காமல். அவள்தான் அந்த வகுப்பின் ஆசிரியை.

கூடம் முழுக்கச் சிரித்தது. ஊஞ்சல் இல்லத்தில் சிரிப்புக்குப் பஞ்சமே கிடையாது. பெருந்துறைச் சாலையில் அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போது ஊர்க்காரர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், உள்ளே எல்லோரும் மூலைக்கு ஒருத்தியாக உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பதாக நினைப்பு. அழுகையே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குடியையும் மாத்திரையையும் விட்டுவிட்டுப் பிள்ளை வளர்ப்பதை அரிச்சுவடியிலிருந்து கற்றுக்கொள்ள வந்த பத்துப் பன்னிரண்டு பெண்களை, ஆளுக்கொரு மூத்திரம் போகும் பொம்மையோடு ஒரே கூடத்தில் அடைத்து வைத்தால் எவ்வளவு நேரம்தான் அழ முடியும்?

பொம்மை என்று சொன்னால் பர்வீனுக்குக் கோபம் வரும். மிதுனா வந்த புதிதிலேயே அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"இது கடையில விக்கற பொம்மை இல்ல மிதுனா. உன்ற புள்ளையோட அரைஞாண் கவுத்துல சின்னதா ஒரு மணி கோத்திருக்கறோம். அங்க ஈரோட்டுல நித்திலா பசிச்சு அழுதா, இங்க இது பசிச்சு அழும். அவளுக்குக் காச்சல்னா இதுக்கு உடம்பு சுடும். அவ சிரிச்சா இதுவும் சிரிக்கும்."

"அப்ப நான் இதத் தூக்குனா அவளுக்குத் தெரியுமாங்க்கா?"

"தெரியாது. அங்கிருந்து இங்க வரும், இங்கிருந்து எதுவும் அங்க போகாது. அங்க அவள வளத்தற ரெஜினாம்மா பாத்துக்குவாங்க. நீ இங்க கையப் பழக்கிக்கோ."

அன்றைக்கு மிதுனா அந்தப் பொம்மையை மடியில் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை வயசு மகள் எங்கேயோ ஒரு வளர்ப்பு வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறாள் என்பது இந்த ரப்பர் நெஞ்சு ஏறி இறங்குவதில் தெரிந்தது. அவளுக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது, செத்துப்போகலாம் போலவும் இருந்தது.

அவள் கதை ஒன்றும் புதிதல்ல. திருப்பூர்ப் பனியன் மில்களில் இயந்திரக் கைகள் தைக்கவும் மடிக்கவும் தொடங்கிய பிறகு, மனுஷிக்கு மிச்சமிருந்தது துணியில் நூல் பிசிறு பார்க்கும் வேலைதான். இயந்திரக் கைக்கு இடுப்பு கிடையாது, வலிக்காது. அதன் வேகத்துக்கு நின்றுகொண்டே பார்த்த மிதுனாவுக்கு வலித்தது. பக்கத்து மேசைக்காரி ஒரு மாத்திரை கொடுத்தாள். முதலில் வலிக்காக, பிறகு தூங்குவதற்காக, பிறகு எழுந்திருப்பதற்காக, கடைசியில் எதற்கென்றே தெரியாமல் விழுங்கினாள். மறைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பவுடர் டப்பா, அரிசி ட்ரம், ரவிக்கை விளிம்பு, எதையும் விட்டுவைக்கவில்லை. ஒரு நாள் மகளின் டயப்பர் பைக்குள் மறைத்தாள். அதை நித்திலா எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளை பிழைத்துக்கொண்டது. அங்கிருந்தே பிள்ளையை அதிகாரிகள் கொண்டுபோய்விட்டார்கள்.

திரும்பக் கிடைக்க ஒரு வழி இருந்தது. இல்லத்தில் பயிற்சி முடித்து, குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் ஒரு முழுப் பகல் பிள்ளையோடு இருந்து காட்ட வேண்டும். முதல் தடவை பொம்மையைக் கையில் வாங்குவதற்கு முன்பே மிதுனா மாத்திரையைத் தேடிப் போய்விட்டாள். இது இரண்டாவது தடவை. இதிலும் தவறினால் நித்திலாவை வேறொரு குடும்பத்துக்கு நிரந்தரமாகத் தத்துக் கொடுத்துவிடுவார்கள். மூன்றாவது தடவை என்று ஒன்று சட்டத்திலேயே கிடையாது.

அதனால் அவள் மதிப்பெண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கூடத்துச் சுவரில் ஒரு பெரிய திரை இருந்தது. பொம்மை எவ்வளவு நேரம் அழுதது, யார் எப்படிச் சமாதானம் செய்தார்கள் என்று கணக்குப் போட்டு, நூற்றுக்கு இவ்வளவு என்று பெயருக்கு நேராக எழுதிக் காட்டும். அதில் கடைசி இடம் எப்போதும் சுகுணாக்காவுக்குத்தான். நாற்பதைத் தாண்டியவள், இரட்டைப் பையன்களின் அம்மா, சாராயத்தை விட்டவள், வாயை மட்டும் விடாதவள். பொம்மை அழுதால் அவளும் சேர்ந்து அழுவாள். இல்லாவிட்டால், "ஏனுங் சாமி, என்னதான்டா வேணும் உனக்கு? மளிகைச் சாமானாட்டம் ஒண்ணொண்ணாச் சொல்லு, வாங்கியாறேன்," என்று அதனோடு சண்டை பிடிப்பாள்.

பொம்மையைக் குளிப்பாட்டும்போதுதான் மிதுனா அந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். பிடரியில், முடி தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, கட்டைவிரல் பதிகிற அளவுக்கு ஒரு சின்னக் குழி. சோப்பு வழுக்கி விரல் அதில் அழுந்தியதும், கத்திக்கொண்டிருந்த பொம்மை சட்டென்று வாயை மூடியது. சுவரில் அவள் பெயருக்கு நேராகப் பச்சை விளக்கு எரிந்தது.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை. மனசுக்குள் பழைய குறுகுறுப்பு ஒன்று எட்டிப்பார்த்தது. தனக்கு மட்டும் தெரிந்த ஒரு இடம் இருக்கிறது என்கிற குறுகுறுப்பு.

அதற்கப்புறம் மிதுனாவின் பொம்மை அழவே இல்லை என்று சொல்லலாம். வாயைத் திறக்கும், இவள் தோளில் சாய்த்துக்கொள்வாள், தலையைத் தாங்குவதுபோல் கை பிடரிக்குப் போகும், அவ்வளவுதான். பார்ப்பவர்களுக்குப் பத்துப் பெற்றவள் கைபோலத் தெரியும். மதிப்பெண் தொண்ணூற்றைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. பர்வீன் ஒருமுறை வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எப்படி மிதுனா, இவ்வளவு நல்லா வருது?" என்று கேட்டாள்.

"பழக்கந்தானுங்க்கா," என்றாள் மிதுனா. கண்ணை இமைக்காமல் சொன்னாள். அந்தக் கலையில் அவள் எப்போதோ பட்டம் வாங்கியவள்.

ஆனால் குழுவின் முன்னால் நிற்கும் தேதி வரவில்லை. அதைவிட வயிற்றெரிச்சல், சுகுணாக்காவுக்குத் தேதி வந்துவிட்டது! நாற்பத்தொரு மதிப்பெண்ணில்! பையன்களோடு பகல் முழுவதும் இருந்து, ஒருவனைக் கீழே போட்டு, இன்னொருவனிடம் கடி வாங்கி, அப்படியும் தேறிவிட்டாள். அடுத்த மாதம் வீடு பார்த்துக்கொண்டு போகப்போகிறாள்.

மிதுனாவுக்கு ஆறவில்லை. அலுவலக அறைக்குள் போய் நின்றாள்.

"ஏனுங்க்கா, மார்க்குக்கு ஒரு மரியாதை வேண்டாமா? என்ற மார்க்குல பாதிகூட இல்ல அது."

"மார்க்கப் பத்தி அப்பறம் பேசலாம்," என்றாள் பர்வீன். "நீ வேற ஏதாச்சும் சொல்லோணுமா எங்கிட்ட?"

"ஒண்ணுமில்லீங்க்கா."

பர்வீன் பெருமூச்சு விட்டாள். "சரி. காலக்கெடு முடியப் போகுது. உன்னையும் அனுப்பித்தான் ஆகோணும். அடுத்த ஞாயித்துக்கிழமை நித்திலா வருவா."

மிதுனா அவள் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். குதித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது, அதுவும் சுகமாகவே இருந்தது. அன்று மாலையே அனுமதி வாங்கிச் சந்தைக்குப் போய், நடந்தால் கீச்கீச்சென்று சத்தம் போடும் சிவப்புச் செருப்பு ஒரு ஜோடி வாங்கிவந்தாள். தன் உள்ளங்கையில் அளவு பார்த்தே வாங்கினாள். நித்திலாவின் பாதம் தன் உள்ளங்கையில் எதுவரை வரும் என்பது அவளுக்கு மறக்கக்கூடிய விஷயமா என்ன?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ரெஜினாம்மா நித்திலாவை இறக்கிவிட்டுவிட்டு, முறைப்படி உடனே கிளம்பிப் போனாள். குழுவிலிருந்து அருள்மொழி என்ற அதிகாரி வந்திருந்தார். சாதுவான மனிதர், கூடத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டுப் பொரிகடலை கொறித்துக்கொண்டிருந்தார். பர்வீன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மற்றப் பெண்கள் வேலை இருப்பதுபோல் பாவனை பண்ணிக்கொண்டு சுவரோரமாக ஒட்டிக்கொண்டார்கள்.

நித்திலா அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். அழவில்லை. சிவப்புச் செருப்பைப் பார்த்ததும் கையை நீட்டினாள். மிதுனா மாட்டிவிட்டாள். குழந்தை நாலு எட்டு வைத்தது, கீச், கீச். கூடமே கை தட்டியது. மகள் நடப்பதை மிதுனா இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள்.

கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு நித்திலா முகத்தைச் சுளித்தாள். சிணுங்கினாள். வீறிட்டாள்.

மிதுனா தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். யோசிக்காமலேயே அவள் கட்டைவிரல் பிடரிக்குப் போய் அழுத்தியது. அங்கே குழி இல்லை. வியர்வையில் நனைந்த பூனைமுடியும் சூடான சதையும்தான் இருந்தன. அவள் இன்னும் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று தடவிப் பார்த்தாள். குழந்தை உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு கத்தியது. பால் கொடுத்தாள், தட்டிவிட்டது. கிலுகிலுப்பை ஆட்டினாள், இன்னும் கத்தியது. இது எதற்கான அழுகை என்று அவளுக்குத் தெரியவில்லை. பசிக்கு எப்படி அழுவாள், தூக்கத்துக்கு எப்படி அழுவாள், வலிக்கு எப்படி அழுவாள், எதையும் அவள் கேட்டுக் கற்றிருக்கவில்லை. கேட்பதற்குள் பொம்மையின் வாயை மூடிவிட்டாளே.

அப்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. பொம்மை வாயை மூடிய ஒவ்வொரு தடவையும் ஈரோட்டில் நித்திலா வாயை மூடவில்லை. அங்கே அழுதுகொண்டேதான் இருந்திருக்கிறாள். இங்கே பச்சை விளக்கு எரிந்திருக்கிறது.

அதிகாரி பொரிகடலையைக் கீழே வைத்தார். மிதுனாவின் தலைக்குள் பழைய மூளை படபடவென்று வேலை செய்தது. பல் முளைக்கிறது என்று சொல்லலாம், கார் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லலாம், ரெஜினாம்மா மேல் பழி போடலாம். பொய் எல்லாம் வரிசை கட்டி நாக்கு நுனியில் நின்றது. எதைச் சொன்னாலும் நம்புவார்கள்.

"எனக்குத் தெரியலீங்க," என்றாள் மிதுனா. குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும் சத்தமாகச் சொன்னாள். "இவ எதுக்கு அழுகறான்னு எனக்குத் தெரியலீங்க. நான் ஏமாத்திட்டேன். பொம்மையோட பொடனியில ஒரு குழி இருக்குது, அத அழுத்துனா அழுகை நின்னுரும். அத அழுத்தித்தான் இத்தன மார்க்கும் வாங்குனேன். நான் ஒண்ணுமே கத்துக்கல. யாராச்சும் வாங்களேன், எனக்கு முடியல."

சுவரோரத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே பாய்ச்சலாக வந்தார்கள். சுகுணாக்கா குழந்தையின் பின்பக்கத்தைத் தடவி, "ஈரமில்ல," என்றாள். இன்னொருத்தி நெற்றியைத் தொட்டு, "சுடல," என்றாள். இத்தனை பேர் கூடியதும் மிதுனாவுக்கு மூச்சு வந்தது. சுகுணாக்கா வாங்கி மடியில் போட்டிருந்த மகளை அவள், வந்ததிலிருந்து முதல்முறையாக, மதிப்பெண்ணும் அதிகாரியும் நினைவில்லாமல் ஆற அமரப் பார்த்தாள். நித்திலா இரண்டு காலையும் உதைக்கவில்லை. வலது காலை மட்டும்தான் உதைத்தாள்.

மிதுனா வலது செருப்பைக் கழற்றினாள். சுண்டுவிரலோரம் தோல் வழன்று சிவந்திருந்தது. செருப்பு ஒரு அளவு சின்னது. அவள் உள்ளங்கை சொன்ன அளவு பழைய அளவு. இடையில் பிள்ளை வளர்ந்துவிட்டது.

அழுகை குறைந்து விக்கலானது. மிதுனா மகளைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டு அந்தச் சின்னப் பாதத்தை ஊதினாள். ஊதியது கூசியதோ என்னவோ, நித்திலா சிரித்துவிட்டாள். மறுபடியும் ஊதச் சொல்லி இடது காலையும் நீட்டினாள். மிதுனா இரண்டு காலையும் மாறி மாறி ஊதினாள், கண்ணீர் ஒருபக்கம் தாரைதாரையாக வழிந்துகொண்டிருந்தது.

"போச்சுங்களா, எல்லாம்?" என்று அதிகாரியைக் கேட்டாள்.

அருள்மொழி பர்வீனைப் பார்த்தார். பர்வீன் எழுந்து வந்து தரையில், மிதுனாவுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணும் போகல. அந்தக் குழிய வெச்சதே நாங்கதான்."

மிதுனா ஊதுவதை நிறுத்தினாள்.

"புள்ள வளத்தறத ஆருக்கு வேண்ணாலும் கத்துக் குடுத்தர்லாம் மிதுனா. டயப்பர் மாத்தறது, சோறூட்டறது, அதெல்லாம் ஒரு பெரிய வித்தையில்ல. நம்மள மாதிரி ஆளுங்க வீட்டுல புள்ளைக்கு ஆபத்து வர்றது அதனால இல்ல. மறைக்கறதுனால. தப்பு நடந்துபோச்சு, எனக்கு முடியல, வந்து புடிங்கன்னு வாயத் தொறந்து சொல்றாளா இல்லையா, அது ஒண்ணுதான் எங்களுக்குத் தெரியோணும். அந்தக் குழியக் கண்டுபுடிக்காதவங்க ஆருமில்ல. வந்து சொல்றதுக்குத்தான் ஆளாளுக்கு நாளாகுது. நான் இங்க இருந்தப்ப எனக்கும் நொம்ப நாளாச்சு."

"நான் கண்டுபுடிச்ச மக்காநாளே சொல்லிட்டேன்," என்றாள் சுகுணாக்கா பெருமையாக.

"தெரிஞ்சும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேக்கா!"

"சொல்லக்கூடாதுன்னுட்டாங்க கண்ணு. அத வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டு நான் பட்ட பாடு! நீ விரல வெக்கறப்பெல்லாம் எனக்கு நாக்கு வறண்டுபோகும். ஒரு வாய் ஊத்திக்கிட்டா தேவலைன்னு இருக்கும், சத்தியமா."

மிதுனாவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன. "நல்லாருக்குதுங்க்கா உங்க பரிச்சை!" என்று பர்வீனைப் பார்த்துக் கத்தினாள். ஆனால் கத்தும்போதும் மகளை மடியிலிருந்து இறக்கவில்லை.

அருள்மொழி தொண்டையைச் செருமினார். "உங்க மகள நீங்க கூட்டிக்கலாம்னு நான் எழுதப் போறேம்மா. ஒரேயொரு நிபந்தனை. இந்தக் குழி விஷயம் இனி வர்றவங்களுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா இந்தச் சோதனையே வீணாயிரும். அத மட்டும் மனசோட வெச்சுக்குங்க."

மிதுனா நித்திலாவைப் பார்த்தாள். குழந்தை கழற்றிப் போட்ட செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டு தரையில் தட்டிக்கொண்டிருந்தது. "சரிங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவளைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

"முடியாதுங்க," என்றாள்.

பர்வீன் கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

"கோவிச்சுக்காதீங்க. நான் திமிருல சொல்லல. எனக்கு என்னப் பத்தித் தெரியுமுங்க. ஒரு சின்ன விசயத்த மறைச்சு வெச்சேன்னா, அதுக்குப் பக்கத்துலயே இன்னொண்ணையும் மறைக்க எனக்கு இடம் கெடைச்சுரும். சுகுணாக்கா சொன்னதக் கேட்டீங்கல்ல? மறைக்காதீங்கன்னு பாடம் நடத்திட்டு, கடைசியா எங்க கையில மறைக்கறதுக்கு ஒண்ணக் குடுத்து அனுப்பறீங்க. வர்றவங்க கிட்ட நான் சொல்லிருவேன். சொல்லாம இருக்க என்னால ஆகாது."

அருள்மொழி பர்வீனைக் கேட்டார்: "இந்தச் சோதனை எதுக்குன்னு சொன்னீங்க?"

"மறைக்காம இருக்கறாங்களான்னு பாக்கறதுக்குங்க," என்றாள் பர்வீன். சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். இத்தனை வருஷமாக இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்கிற சிரிப்பு அது. அதிகாரிக்கும் அது தொற்றிக்கொண்டது. சுகுணாக்கா சிரித்த சிரிப்பில் நித்திலா பயந்துபோய் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

குழு அதன்பிறகு பல தடவை கூடியது, பலபேர் பலதும் பேசினார்கள். படித்தவர்கள் கூடினால் பேச்சுக்கா குறைச்சல்? முடிவில் சுவர்த்திரையை எடுத்துவிட்டார்கள். குழியை மட்டும் எடுக்கவில்லை, புதிதாக வருபவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவது என்று தீர்மானமாயிற்று. அதைச் சொல்லவேண்டிய ஆள் யார் என்பதில் விவாதமே நடக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் புதிய பெண்கள் வந்து சேர்ந்த அன்று, மிதுனா நித்திலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றாள். "எல்லாரும் பொம்மையத் திருப்புங்க," என்றாள். திருப்பினார்கள். "பொடனியில விரல வையுங்க." வைத்தார்கள். கத்திக்கொண்டிருந்த பொம்மைகள் ஒரே நேரத்தில் வாயை மூடின. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்து, வெட்கத்தோடு சிரித்தார்கள்.

"இது எதுக்குன்னா, ஆத்தமாட்டாதப்ப அழுத்திக்கலாம். தப்பில்ல. ஆனா அழுத்துனா அழுத்துனேன்னு வந்து சொல்லீருங்க. அங்க நெஜப் புள்ள அழுதுட்டு இருக்கும்ங்கறது மட்டும் நெனப்புல இருக்கட்டும்."

ஓரத்தில் வைஷாலி என்றொருத்தி உட்கார்ந்திருந்தாள். மூக்குத்தி போட்ட மெலிந்த முகம். பொம்மையை அவள் தொடவே இல்லை. கைகளை முழங்காலுக்கு அடியில் திணித்து வைத்திருந்தாள். பழக்கத்தை விட்டுவிட்டு வந்த புதிதில் கை எப்படி ஆடும் என்று மிதுனாவுக்குத் தெரியும்.

"நீங்க திருப்பிப் பாக்கலியா?"

"எனக்கு எதுக்குங்க," என்றாள் வைஷாலி, தரையைப் பார்த்துக்கொண்டு. "என்ற மாமியார் புள்ளையப் பாக்கறதுக்கே விடறதில்ல. இந்தக் கையில ஒரு நாய்க்குட்டியக்கூடக் குடுக்கமாட்டேன்னு சொல்லிப்போட்டாங்க."

நித்திலா இடுப்பில் நெளிந்துகொண்டிருந்தாள், இப்போது நல்ல கனம் வேறு.

"கொஞ்சம் புடிங்களேன்," என்று மகளை நீட்டினாள். "எனக்கு இடுப்பு விட்டுப்போகுது."

வைஷாலி பின்னால் நகர்ந்தாள். "அய்யோ, நானா? என்ற கையப் பாருங்க. விழுந்துட்டா?"

"அழுவா. அப்ப என்னக் கூப்புடுங்க, நான் இங்கதான் இருப்பேன்."

நித்திலா யோசிக்கவில்லை. தாவிப்போய் அந்த மடியில் உட்கார்ந்து மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள். முழங்காலுக்கு அடியிலிருந்து இரண்டு கைகளும் ஆடிக்கொண்டே வெளியே வந்து குழந்தையைச் சுற்றிக்கொண்டன. மிதுனா இடுப்பை நிமிர்த்திக்கொண்டு, டீ ஊற்றப் போனாள்.